வலத் தோள்

கார்டிஃபில் மழை. பந்தை அணைத்தபடி ஓடுகிறேன்.
வேல்ஸ் கேப்டன் பக்கவாட்டில் வந்து விழுந்தார்.
தோள் குழியைவிட்டு நழுவிய சத்தம்
எனக்கே கேட்டது.

விசில் அடங்குமுன் சேற்றில் முழங்காலிட்டிருந்தார்
டாக்டர் இத்வால் ப்ராசர்.
"ஸ்காட்லாந்தில் என்ன வேலை? ஆடு வளர்ப்பா?"
"இல்லை, கம்பளி ஆ..."
சொல் முடியவில்லை,
எலும்பு வீடு திரும்பிவிட்டது.

மாற்று ஆள் கிடையாது அந்நாளில்.
அடுத்த ஸ்க்ரம்மில் அந்தத் தோளையே முட்டினார்.

இரவு விருந்தில் அவர் நாற்காலி காலி.
ரோண்டாவில் ஒரு பிரசவம், கால் முன்னால் வந்த பிள்ளை.
காதில் சேறு காயாமலே பஸ் ஏறினாராம்.

இருபத்தாறு வருடம் கழித்து
அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினேன்.
வரிசையில் சுரங்கக்காரர்கள்,
ஆளுக்கொரு இருமல்.
இறப்புச் சான்றிதழில் "நெஞ்சுச்சளி" என்று எழுதச் சொன்ன
கம்பெனிக்கு எதிராக, "நிலக்கரித் தூசி" என்றே எழுதி
ஒன்பது முறை கோர்ட் படி ஏறியவர்.
அலமாரியில் இரண்டு வெல்வெட் தொப்பிகள்:
நாட்டுக்குத் தலைமை தாங்கியதில் சில்லறை,
தீவுகளின் கூட்டணிக்குத் தாங்கியதில்
பூனை.

என் முறை வந்தது.
பேர் சொல்லவில்லை நான்.
நிமிராமலே சொன்னார்:
"அது தப்பாட்டம். நடுவர் பார்க்கவில்லை."

"தெரியும்," என்றேன்.

"சரி. சட்டையைக் கழற்றுங்கள்.
மழைக்கு வலிக்கிறதா?"