நெஞ்சுயரம்

ஒன்று தசம் மூன்று மீற்றர்.
படிவத்தில் அதற்குப் பெயர் நெஞ்சுயரம்.
என் நெஞ்சு அவ்வளவு உயரத்தில் இல்லை,
அதனால் தடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அம்பகாமத்துக்கு வேலைக்கு வருவது இது இரண்டாம் முறை.
முதல் முறை முழங்காலில் வந்தேன்,
முகத்துக்கு முன்னால் கண்ணாடி மறைப்பு,
கையில் சுரண்டி,
ஒரு நாளைக்கு ஒரு கதவளவு நிலம்.
அப்போது சம்பளம் நிலத்துக்கு.
இப்போது மரத்துக்கு.
ஒரு பாலையை அளந்தால் பதினெட்டு ரூபா,
தகடும் அடித்தால் இன்னும் மூன்று.

மண்டையோட்டுப் பலகை நின்ற காலம் முழுக்க
இந்தக் காட்டில் ஒருவரும் ஒரு வீரைத் தடி முறிக்கவில்லை.
அதற்கு என்ன விலை என்று கேட்டேன்.
பயிற்சி தந்த பெடியன் தலையாட்டினான்:
"சும்மா நிக்கிற மரத்துக்கு ஒருத்தரும் காசு தரமாட்டினம் அக்கா.
விழப்போற மரம் விழாமல் நிண்டால்தான் கணக்கு."

அப்படியென்றால்
கடைசிக் கண்ணியை நான் எடுத்த அன்றுதான்
காட்டுக்கு ஆபத்து வந்தது.
ஆபத்து வந்த அன்றுதான்
விலையும் வந்தது.

கேள்வி பதினான்கு:
இந்தப் பணம் கிடைக்காவிட்டால் மரங்களை வெட்டுவீர்களா?

திரவியக்கா சிரித்தா.
"ஏன் பிள்ளை வெட்டுறன்? மாடு எங்கை படுக்கும்?"
இல்லை என்று எழுதினேன்.
தொன்: பூச்சியம்.

அடுத்த காணி குலவீரசிங்கத்தின்ரை.
நான் பேனையைத் திறக்க முதலே
அவர் வாள் மெஷினுக்குப் பெற்றோல் விட்டு
இரண்டு தரம் உறும விட்டுக் காட்டினார்.
"நாளைக்கே வெட்டுவன். எழுதும்."
தொன்: நாற்பத்தொன்று.

வாங்குவது ஒரு சீமெந்துக் கொம்பனியாம்,
கடலுக்கு அங்கால்.
அவர்களுடைய புகையும் குலவீரசிங்கத்தின் முதிரையும்
கடதாசியில் சமன்.
சட்டம் இல்லையாம், கட்டாயம் இல்லையாம்,
விரும்பினால்தானாம்.

எங்கள் சந்தி நெல்லு மில்லும் புகைக்கிறது.
உமிக்கரி கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் இறங்குகிறது,
பள்ளிக்கூடத் தண்ணித் தாங்கியில் இறங்குகிறது,
மகன் இரவில் இருமுகிறான்.
மில்காரர் வருசா வருசம் ஏழாம் திருவிழா உபயம்,
மேளம், அன்னதானம், பட்டுக் குடை.
அவரும் விரும்பித்தான் செய்கிறார்.
குழாயை இன்னும் பதினைந்து அடி உயர்த்தச் சொல்லி
ஒருக்கால் கேட்டுப் பார்த்தோம்.
அதற்கு அவர் விரும்பவில்லை.

போன செவ்வாய் திரவியக்கா வந்தா.
கையில் கோடாலி. இரவல் கோடாலி,
பிடியில் வேறொருவரின் பெயர்.
"பிள்ளை, நானும் வெட்டுவன் எண்டு மாத்தி எழுதேலுமே?"
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
மாடு கட்டியிருந்த பக்கம் பார்த்தா.

இல்லையைப் பேனையால் வெட்டினேன்.
ஆம் என்று எழுதி
பக்கத்தில் சின்னதாய் ஒப்பமும் வைத்தேன்.

மூலைக் கல்லுக்குக் கிட்ட அவவின் கடைசி மரம்,
ஓர் ஆள் கட்டிப்பிடிக்கக் கூடிய முதிரை.
அதற்குள் ஷெல் துண்டு ஏறியிருக்கிறது.
எந்த மரக்காலையும் அதை எடுக்காது,
வாளின் பல்லு போய்விடும்.
எடுக்காத மரத்துக்கு ஆபத்தில்லை.
ஆபத்தில்லாத மரம் சும்மா நிற்கிற மரம்.

தெரிந்தும் தகட்டை வைத்து ஆணியை அடித்தேன்.
மூன்றாம் அடியில்
உள்ளே வேறோர் இரும்பு கிணுங்கியது.
கை பழைய பழக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது.
மூச்சும்தான்.

ஒரு மாம்பழத்தி சத்தம் போட்டது. பிறகு இன்னொன்று.

நாடாவைச் சுற்றிப் பிடித்தேன்.
நெஞ்சுயரத்தில் நூற்றுப் பன்னிரண்டு சென்ரிமீற்றர்.
குறிப்பு என்ற இடத்தை
வெறுமையாய் விட்டேன்.