மடித்த துப்பாக்கி

விண்ணப்பத்தில் ஒட்டிய முகம் வேறு,
தேடினால் வருகிற முகம் வேறு.
மிசூலாவில் நவம்பர் பனி.
பள்ளி அலுவலகத்தில் காபி ஆறிக்கொண்டிருக்க
வெர்லா ப்ரெவிக்கின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்.
பேருந்து ஓட்டும் வேலைக்குத்தான் கேட்டிருக்கிறாள்.

காதடைப்பான், மஞ்சள் கண்ணாடி,
நடுவில் மடித்து முழங்கையில் தொங்கவிட்ட இரட்டைக் குழல்.
பூட்ஸைச் சுற்றி
களிமண் தட்டுகளின் ஆரஞ்சுச் சில்லுகள்.
'இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று!
அந்த இரண்டும் காற்றின் தப்பு'
என்று எழுதியிருக்கிறாள்.

'பிள்ளைகள் ஏறுகிற வண்டி...'
என்கிறார் முதல்வர்.
வாக்கியத்தை முடிக்கவில்லை.
வியாழன் முதல் அவருக்கு விடுப்பு,
எல்க் வேட்டை.
அவர் படம் போடுவதில்லை,
அவ்வளவுதான்.

மடித்த துப்பாக்கி சுடாது.
குழல் காலி என்று
எதிரில் நிற்பவருக்குக் காட்டத்தான்
அப்படிப் பிடிப்பது.
சொல்லியிருக்கலாம்.
உனக்கெப்படித் தெரியும் என்பார்.

இந்த நாற்காலிக்கு வருமுன் ஓர் இரவு
நூற்றுப் பதினாறு படங்களை அழித்தேன்.
விரல் நடுங்கவில்லை, பழகின விரல்.
ஒன்றில் மட்டும் கொஞ்சம் நின்றேன்:
தட்டு உடையாமல் போய்க்கொண்டே இருக்கிறது,
நான் வாயைப் பிளந்து சிரிக்கிறேன்.
அதையும் அழித்தேன்.

'பரிசீலனையில்' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.
அது இல்லை என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்.
பிறகு அழிப்பானைத் தேடினேன்.
மேசை இழுப்பறையில் இல்லை.
இடது கை ஏனோ
வலத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தது,
உதை வாங்கிக் கன்றிய இடத்தை.