உருளை

இரவு இரண்டு. பொம்மனஹள்ளி.
துளைக்கருவி நின்றதும்
சாலையின் ஒரு துண்டை
நீர் சொட்டச் சொட்டக் கையில் தந்தார் துர்கப்பா.

ஸ்கேல் வைத்தேன்.
பில்லில் ஐம்பது மில்லிமீட்டர்,
இங்கே முப்பத்தொன்று.
மழை ஈரத்தின் மேலேயே போட்டிருக்கிறார்கள்;
நகம் வைத்தால் அடுக்கு கழன்று வருகிறது.

கழன்ற இடத்தில் ஆரஞ்சாக ஒரு சில்லு.
ஏதோ வண்டியின் இண்டிகேட்டர்.
பெருக்காமலே மூடியிருக்கிறார்கள்.

“கல்லு சார்” என்றார் துர்கப்பா, பார்க்காமலே.

தடிமன், அடர்த்தி, தார் சதவீதம்,
எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் உண்டு.
குறிப்பு என்ற இடத்தில்
‘திரும்ப நினைத்த ஒருவர்’ என்று எழுதி
அடித்துவிட்டு
‘அந்நியப் பொருள், ஒன்று’ என்று மாற்றினேன்.

துளையில் கலவை கொட்டி
இரண்டு முறை இடித்தார் துர்கப்பா.
பின்னால் லாரிகள் ஹாரன் அலறின.
இன்னும் கொஞ்சம் இடியுங்கள் என்றேன்,
இன்னும் கொஞ்சம்.