பத்தாவது இடம்

நகராட்சி கேட்டது பத்து.
என்னிடம் இருந்தவை ஒன்பது,
அதிலும் ஒன்று
மழை பெய்தால் மட்டும் இருக்கும் குளம்.

புவனோஸ் ஐரிஸிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம்,
ரயிலுக்கு மனசிருந்தால்.
தலைநகரத்துக்கு எங்கள் ஊர்
சட்டையின் உள்பக்கத் தையல் மாதிரி,
இருக்கிறது, யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.
ஆனாலும் சனிக்கிழமைகளில் சிலர் வந்து இறங்கிவிடுகிறார்கள்.
கையில் தண்ணீர் பாட்டில்,
முகத்தில் ‘சரி, இனி என்ன?’
அவர்களுக்காகத்தான் அந்த மடிப்புத் தாள்.
குப்பை வரிப் பிரிவில்
பிழையில்லாமல் எழுதுகிறவன் நான் ஒருவன்தானாம்,
என் தலையில் கட்டினார்கள்.

சதுக்கத்து வெண்கலக் குதிரையை முதலில் போட்டேன்.
வீரனை வார்க்கக் காசு போதவில்லை என்பதைப் போடவில்லை.
குதிரை மட்டும் அன்றிலிருந்து
முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கிறது.
ஏறிப் படமெடுத்துக்கொள்ளலாம்,
தளபதி வேலை இன்னும் காலி.

அருங்காட்சியகம் வியாழன் மட்டும்.
மற்ற நாள் சாவி மருந்துக்கடை நெலிதாவிடம்.
கேட்டால் தருவாள்,
தருவதற்குள் உங்கள் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுவாள்.

ஒன்று முதல் நாலரை வரை ஊர் தூங்கும்.
ரயில் வந்து சேர்வது ஒன்று பத்துக்கு.
இதை எப்படி எழுத?
‘அமைதியில் திளையுங்கள்’ என்று எழுதினேன்.
அது நாலாவது.

பிரிந்துபோன பெல்லூச்சி சகோதரர்களின் ஐஸ்கிரீம் கடைகள்
எதிரும் புதிருமாக.
ருசி ஒன்றுதான்.
எதில் உட்கார்ந்து சாப்பிட்டாலும்
மற்றவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
உங்கள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருப்பான்.
ஆறு, ஏழு என்று இரண்டாக எண்ணிக்கொண்டேன்.

பத்தாவதில் பேனா நின்றது.
அச்சகத்துப் பையன் வாசலில் சைக்கிளோடு நிற்கிறான்.
‘பழைய தானியக் கிடங்கு: கூப்பிட்டால் பதில் சொல்லும்.’
ஒரு வரி விட்டேன்.
பொய். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

அக்டோபரில் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள்.
ஃபவுஸ்தினா. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும்
பொடி எழுத்துச் சீட்டுகளை மொழிபெயர்ப்பவளாம்.
எதையும் கடைசி வரி வரை படித்துப் பழகியவள்.
ஒன்பதையும் பார்த்துப் பேனாவால் அடித்திருந்தாள்,
வறண்ட குளத்தையும்கூட.
‘பத்தாவதற்கு வழி கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.’
காலணி நிறையப் புழுதி.
எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கூட்டிப் போனேன். வேறென்ன செய்ய?
துருவேறிய தண்டவாளம், இடுப்பளவு முட்செடி,
தகரத்தில் நாலு மாடி உயரத்துக்கு வெற்றிடம்.
நான் மன்னிப்புக்கு வார்த்தை கோத்துக்கொண்டிருக்கும்போதே
அவள் இரு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்:
‘யாராவது இருக்கீங்களா?’

புறாக்கள் எழும்பின.
பிறகு உள்ளேயிருந்து,
‘இருக்கேன். என்ன வேணும்?’

எலிசேயோ. காவலாளி.
கம்பெனி மூடிப் பதினோரு வருஷம்.
அவரை வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தை
யாரோ தபாலில் போட மறந்துவிட்டார்கள்.
சம்பளம் மட்டும் மாதாமாதம் வருகிறது,
வருகிறவரைக்கும் அவரும் வருகிறார்.

என்ன வேண்டும் என்று ஃபவுஸ்தினாவுக்குத் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் யோசித்து, மணி கேட்டாள்.
ஆறு இருபது, என்றது கிடங்கு.
ஏழு பத்து ரயிலில்
பத்தையும் அடித்த தாளோடு ஏறிப் போனாள்.

இரண்டாம் பதிப்பில் ஒரே திருத்தம்:
‘ஐந்து மணிக்கு மேல் கூப்பிடவும்.
இரண்டு கேள்விக்கு மேல் போனால் திட்டு விழும்.’
திட்டு வாங்கவே இப்போது ஆள் வருகிறது.
கம்பெனி காதில் விழாமல் இருக்கவேண்டுமே என்று
நெலிதா மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

குளத்தை எடுத்துவிடலாமா என்றார் மேயர்.
இருக்கட்டும் என்றேன்.