எறும்புக்கு விலக்கு

டிசம்பர். தார்த்து நகரம்.
மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது.
கிடங்கில் நானும் நாற்பது குப்பிகளும்
எஸ்தோனியத்தில் ஒரு சுற்றறிக்கையும்:
'பொறுப்பாளர் லெய்லி கவனத்துக்கு.
பழம்பெயர்கள் நீக்கப்படும்.'

எங்கள் மொழியில் இது எறும்புப் புளிப்பு.
எறும்பைக் காய்ச்சி வடித்தவர் யாரோ
வைத்துவிட்டுப் போன பெயர்.
தாளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினேன்;
எறும்பு நகக்கண்ணில் ஏறிக்கொண்டது.
புதுத்தாளில் எழுதினேன்:
மெத்தனாயிக் அமிலம்.

வெண்ணெய் போய் பியூட்டனாயிக் வந்தது.
மூடி மட்டும் இன்னும்
கெட்டுப்போன வெண்ணெயாகவே நாறுகிறது.

அடுத்தது 3-மெத்தில்பியூட்டனாயிக்.
நேற்றுவரை வலேரியன் வேரின் வாரிசு.
காவலாளி எண்டெலின் பூனைக்கு
எழுத்துத் தெரியாது;
அதே தட்டின் கீழ் வந்து
முதுகைத் தேய்த்துப் புரள்கிறது.

எனக்குக் கோபம்தான். மறைக்கவில்லை.
ஆனால் ஆடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

லத்தீன் ஆட்டின் பெயரில் மூன்று அமிலங்கள்:
கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக்.
ஒரே மந்தை, ஒரே வாடை.
ஓர் எழுத்து இடறினால் வேறு ஆடு.
போன வசந்தத்தில் நான்தான் இடறினேன்.
மார்யு என்ற மாணவி
பதினோரு வாரம்
தவறான ஆட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.
தெரிந்த பிறகும் அவள் என்னைத் திட்டவில்லை.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆறு, எட்டு, பத்து.
ஹெக்சனாயிக், ஆக்டனாயிக், டெக்கனாயிக்.
இனி எண்ணத் தெரிந்தால் போதும்.
எங்கிருந்து எண்ணுவது என்பதிலும் வழக்கில்லை:
இரண்டு ஆக்சிஜனைச் சுமக்கும் கார்பன்தான் ஒன்று.
சங்கிலி எவ்வளவு நீண்டாலும்
எந்த இடத்தில் கிளை விட்டாலும்
புளிப்பு இருக்கும் முனையிலிருந்து தொடங்கு.

(இந்த விதியை
என் சொந்தக் கணக்குகளுக்கும்
போட்டுப் பார்த்தேன்.
பாதிக்குத்தான் சரியாக வருகிறது.)

வெள்ளிக்கிழமை இரண்டாவது கடிதம்.
முதல் இரண்டுக்கு மட்டும் விலக்காம்:
ஒற்றைக் கார்பனுக்கும் இரட்டைக் கார்பனுக்கும்
பழைய பெயரே தொடரலாம்.
உலகம் முழுக்க அதுதான் வழக்கமாம்.

மறுபடி வெந்நீர்.
மறுபடி சுரண்டல்.
எறும்பு வந்தது. காடி வந்தது.
கையெழுத்து முன்பைவிடக் கொஞ்சம்
பெரிதாகவே விழுந்தது.

ஆடுகளைப் பற்றி
கடிதத்தில் ஒன்றுமில்லை.
நானும் கேட்கவில்லை.