எடைமேடையில் இரவு ஷிப்டு

சுங்கை கெலுவாங்கில் வானம் தெரியாது.
பாய்லர் புகைக்கு மேலே என்ன இருக்கிறதென்று
திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு லாரிக்கு நடுவே இருபது நிமிடம் கிடைக்கும்.
ஒரே இடம், நான்கு படம்.
மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரங்கள் நிற்கும்.
நகர்கிற ஒன்று கல்லாக இருக்கலாம்.
பெரும்பாலும் தூசி.
ஒருமுறை திரையில் உட்கார்ந்த ஈசலைப்
பத்து நிமிடம் அளந்திருக்கிறேன்.

மாசியில் ஒரு புள்ளி அசைந்தது.
இடம், நேரம், மங்கல் குறித்து அனுப்பிவிட்டு
அஸ்மான் லாரிக்கு எடை போட்டேன்:
பதினெட்டு டன், நானூறு கிலோ.
அந்தக் கல்லுக்கு எத்தனை பூஜ்ஜியம் என்று
சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்து
இடம் போதாமல் விட்டேன்.

பகலில் குலை வெட்டி இரவில் ஓவர்டைம் பார்க்கும் ஹம்சா,
லோம்போக்காரன், கேட்டான்:
"விழுந்தா எங்கே நிக்கிறது, அக்கா?"
நாற்பதடி மரத்தடியில் அவன் கற்றது அது.
கத்தி காம்பைத் தொடும்போதே
கால் விலகியிருக்க வேண்டும்.

பூமிக்குக் கால் இல்லை, ஹம்சா.
கல்லைத்தான் தள்ளணும்.
"எவ்வளவு?"
எறும்பு ஊருகிற வேகம் போதும்,
பத்து வருஷம் முந்தியே தள்ளினால்.
தேயக்கூட வேண்டாம் கல்,
கொஞ்சம் ஒதுங்கினால் சரி.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நெடுஞ்சாலை எங்கள் மூன்றாம் லயத்தின் மேல்
முதலில் விழுந்தது வரைபடத்தில்.
வெறும் பென்சில் கோடு.
ஆபீஸ் சுவரில் ஒன்பது வருஷம் தொங்கியது.
அதன் கீழே நின்றுதான் சம்பளம் வாங்கினோம்.
மனு கொடுத்தது
புல்டோசர் வந்த வியாழக்கிழமை.

மூன்றாம் வாரம் பதில் வந்தது.
பாதை கணக்கிட்டாகிவிட்டது,
நிலாவுக்கும் அப்பால் போய்விடும், ஆபத்தில்லை.
பார்த்தவர்: கோமளேஸ்வரி, எடைக் கிராணி.
கேட்டிருந்தார்கள், நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்று
யாரிடமும் சொல்லவில்லை.
ஹம்சாவிடம் மட்டும், "தப்பிச்சோம்" என்றேன்.
"எதிலேர்ந்து?" என்றான். மறந்துவிட்டிருந்தான்.

மழை பெய்தால் மேடை
நாற்பது கிலோ கூடக் காட்டுகிறது.
சரிபார்க்கச் சொல்லி மூன்று கடிதம் போட்டாயிற்று.
அஸ்மான் ஹாரன் அடிக்கிறான்.
இரு, வருகிறேன்,
நான்காவதற்குத் தேதி போட்டுவிட்டு.