வலது பின்கதவு

காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்
கோயம்புத்தூர்க்காரர்.
கீறல் விழக்கூடாதாம். நல்ல மனுஷன்.

கீழக்கரைக் கடலோரம், சங்கு மூட்டை அடுக்கிய கிட்டங்கி.
உள்ளே பதினெட்டடி நீளத்துக்கு
நாற்பத்தெட்டாம் வருஷத்துக் காடிலாக்,
பின்னால் இரண்டு மீன்வால் வைத்தது.

கொழும்பில் விலைபேசி, தலைமன்னாரில் கப்பலேற்றி
வேகனில் ராமநாதபுரம் வந்து இறங்கியது.
அவ்வளவு தூரம் வந்த வண்டி
ஹபீபு மரைக்காயர் தெருவுக்குள் மட்டும் நுழையவில்லை.
தெரு ஒரு சாண் குறைச்சல்.
முதலாளிதான் கடைசிவரை
வண்டியைப் பார்க்க நடந்து வந்தார்.

இப்போது அதற்குப் பதினோரு சொந்தக்காரர்கள்.
மார்க்கக் கணக்கில் ஒருவருக்கு ஸ்டியரிங்,
ஒருவருக்கு அரை டயர் என்று சொல்லிப்பார்த்தேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் உச்சிப்புளி டிங்கர் நாகசுந்தரம்.
மூன்று மாசம் இதற்கடியில் மல்லாந்து கிடந்தவன்.
இந்தக் கரையில் உப்பு
இரும்பை வெளியிலிருந்து தின்னாது.
ரப்பர் பீடிங்குக்குள் புகுந்து, மடிப்பில் குந்தி,
பெயிண்டைத் தொடாமல் தின்னும்.
பெயிண்ட் அப்பளம் மாதிரி நிற்கும்,
விரல் வைத்தால் விரல் உள்ளே.
வெட்டினேன். தகடு வைத்துப் பற்றவைத்தேன்.
மரைக்காயரின் பேரன் இஜாஸ்
விற்பனை விளம்பரத்தில்
'பாடி முழுக்க ஒரிஜினல்' என்று எழுதினான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

கூரையில் வைத்தார். ஒட்டியது.
பானெட்டில், டப்.
நான் தகடு மாற்றிய இடங்களிலும் ஒட்டியது, தகடும் இரும்புதானே.
வலது பின்கதவில்
காந்தம் வழுக்கி அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது.
மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.
பதினோரு பங்கும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அது என் வேலையில்லை.
பழைய பெயிண்டைச் சுரண்டியபோதே கண்டேன்:
சாம்பல் நிறம், நகம் பதிகிற மெதுமை,
அரம் எட்டுத் திசைக்கும் ஓடியிருந்தது.
தொழில் தெரியாத ஆள்,
அவசரத்தில், ராத்திரியில் தேய்த்தது.
நான் மேலே வர்ணம் அடித்ததோடு சரி.
இதை எப்படிச் சொல்வது, யாருக்குச் சொல்வது?

"வலைக்குண்டு" என்றார் ஜெசீமா.
மரைக்காயரின் கடைசி மகள்,
கையெழுத்துப் போடக் கொழும்பிலிருந்து வந்தவர்,
அதுவரை மூட்டைகளுக்கு நடுவே நின்றவர்.
"வாப்பா ஊரில் இல்லை.
ஏர்வாடி உப்பளத்துப் பாதை. பனை குறுக்கே வந்திருச்சு."

"பனையா வந்துச்சு?" என்றான் இஜாஸ்.

"வந்துச்சு.
அடைக்கலம் வலையிலிருந்து ஈயக்குண்டு அறுத்து
கல்யாண அண்டாவில் உருக்கி ஊத்தினோம்.
விடியறதுக்குள்ளே காயணுமே."

உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா லாத்தா
என்று ஒரு தம்பி கேட்டார்,
அறுபது வயசுத் தம்பி.
'ஊத்தினோம்' என்றாரே, அந்த 'ஓம்' யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
வெளியே ஐஸ் லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் மட்டும்.

கோயம்புத்தூர்க்காரர் காந்தத்தைச் சுற்றிப் பையில் போட்டார்.
விலை குறைப்பார் என்று காத்திருந்தோம்.
"எவ்வளவு ஈயம் இருக்கும்?" என்றார்.
"ரெண்டு வலைக்கு ஆகிறது."
பேசிய தொகையை அப்படியே எண்ணினார்.
விளம்பரத்தாளை மட்டும் என்னிடம் நீட்டி
திருத்தித் தரச் சொன்னார்.

'முழுக்க ஒரிஜினல்' என்பதை அடித்தேன்.
வலது பின்கதவில் ஈயம், சுமார் மூன்று கிலோ,
கடலுக்குள் போயிருக்க வேண்டியது
என்று எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

டிரெய்லரில் ஏற்றும்போது
நான்கு கதவையும் நான்தான் சாத்தினேன்.
மூன்று டக்கென்று சாத்தின.
நாலாவதை ஜெசீமா
ஒருதரம் திறந்து, மெதுவாக, தானே சாத்தினார்.

அந்த வருஷம் முழுக்க
அடைக்கலத்தின் வலை மிதந்ததாம்.